அதே பெயருடைய வேறொருவர்

தம்பிக்குப் பேர் வைத்தது அக்காதான். அப்போது அவளுக்கு வயது பத்து. அப்பா லாரியோடு எந்தக் கல்குவாரியில் இருந்தாரோ, யாருக்கும் தெரியாது. அம்மா பிரசவ வார்டில் பத்தொன்பதாம் எண் கட்டிலில், கூப்பிட்டால் ‘உம்’ கொட்டும் அளவுக்கு மட்டும் தெம்போடு கிடந்தாள். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த குமாஸ்தா, “வீட்டுல பெரியவங்க யாரும்மா?” என்று கேட்டார்.

“நான்தான்,” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஏழு கட்டில் பாக்கி. “சரி, குழந்தைக்கு என்ன பேரு? சீக்கிரம் சொல்லு.”

பக்கத்துக் கட்டில்காரியின் தலைமாட்டில் ஒரு ரேடியோ இருந்தது. புதிதாகப் பாட வந்திருந்த ஒருவரின் பாட்டு அப்போதுதான் முடிந்து, பாடியவர் பேரைச் சொன்னார்கள். குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பேரையே சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மூன்றாம் நாள் கண் விழித்த அம்மா, “நல்ல பேராத்தான் வெச்சிருக்கே,” என்றாள். அந்த ஒரு பாராட்டு அக்காவுக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

அந்தப் பாடகர் பிறகு நாடறிந்தவர் ஆவார் என்று பத்து வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தம்பி பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அந்தப் பேரைச் சொன்னால் தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கும் என்ற நிலை. ஆறாம் வகுப்பு வாத்தியார் வருகைப் பதிவேட்டில் அவன் பேருக்கு வந்ததும் நிறுத்தினார். “அடடே! எங்கே, ஒரு பாட்டு எடுத்து விடு.” அவனும் எழுந்து நின்று பாடினான். நாலு வரிகூட ஆகவில்லை. “போதும் ராசா, உட்காரு. பேரைக் கெடுத்துடாதே,” என்றார் வாத்தியார்.

ஒன்பதாவது படிக்கையில் அதே பேரில் ஒரு கோல்கீப்பர் கிளம்பினார். பையன்கள் தம்பியைப் பிடித்து இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினார்கள். ஏழு கோல். வீட்டுக்கு வந்து, “பந்துக்கெல்லாம் என்மேல ஒரு மரியாதைக்கா. ஒண்ணுகூட மேல படலே,” என்றான். அவன் வேலை தேடிய காலத்தில், இயந்திரத்தில் துண்டான ஒரு தொழிலாளியின் கையைத் திரும்ப ஒட்டவைத்த மருத்துவர் ஒருவரைப் பற்றிப் பத்திரிகை எல்லாம் எழுதின. அவர் பேரும் அதுதான். போதாக்குறைக்கு, அந்த வருஷமே அதே பேரில் ஒருவர் மந்திரியும் ஆனார்.

அக்காவின் வீட்டுக்காரர் கார் பழுதுபார்க்கிறவர். வாய்க்குப் பூட்டு இல்லாதவர். “நாலு பேரு சேர்ந்து ஆளுக்கு ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிட்டாங்க. மச்சானுக்கு மிச்சம் இனிஷியல் மட்டும்தான்,” என்பார்.

“அதுவும் அந்த மந்திரிக்கும் எனக்கும் ஒண்ணுதான் மாமா,” என்பான் தம்பி. அவன் சிரிப்பான். அக்காவுக்குத்தான் சுருக்கென்று இருக்கும். வைத்தவள் அவள் அல்லவா?

தம்பிக்குப் பதினொரு வயதில் அம்மா போனாள். அப்புறம் அவனை வளர்த்தது அக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், சட்டை தைக்கும் ஆலையில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வரும் சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, விட்டுப்போன தையல், இடம் மாறிய பொத்தான், மடங்கிய காலர் எல்லாம் பார்த்துச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது. நாளுக்கு அறுநூறு சட்டை. கல்யாணம் ஆகிப் போனபோதும் தம்பியைக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். அவன் கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். ஏன் என்று யார் கேட்டாலும், “பொண்ணு வீட்டுல பாடச் சொல்லுவாங்க,” என்று தட்டிக்கழித்தான்.

இருபத்து மூன்று வயதில் அவனுக்கு ஒரு நாளிதழின் துணுக்கறையில் வேலை கிடைத்தது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா நின்று நிதானமாக விளக்குவாள். கேட்டவர்கள் நழுவப் பார்த்தாலும் விடமாட்டாள்.

தினமும் காலையில் ஐந்து நாளிதழ்கள் வரும், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. படித்து, வருகிற பேர்களுக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். செய்தியை வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதி முத்திரை குத்தி, அந்தந்த ஆளுக்கு உரிய பழுப்பு உறையில் போட வேண்டும். ஒரு செய்தியில் இரண்டு பேர் வந்தால் இரண்டாவது பிரதியிலிருந்தும் வெட்டி இருவர் உறையிலும் போட வேண்டும். உறையின் மேல் முதலில் பேர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தொழில். தொழில் இல்லாமல் வெறும் பேரை எழுதுவது அந்த அறையில் பெரும் பாவம். ஒரே பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தம்பியின் பேரில் மட்டும் நாலு உறை இருந்தது. பாடகர் உறை தலையணை மாதிரி உப்பி, மூன்றாகப் பிரிந்துவிட்டது. அதனால் அலுவலகத்தில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. முதல் வாரமே ‘அஞ்சு’ என்று வைத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள். தொலைபேசியில்கூட அக்கா, “அஞ்சு இருக்காருங்களா?” என்றுதான் கேட்க வேண்டும். பேரைச் சொன்னால், “எந்த அவரு?” என்பார்கள்.

உறை எல்லாருக்கும் கிடைக்காது. ஒருவரைப் பற்றி மூன்று செய்தி அச்சில் வந்திருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ வந்தவர்களின் துணுக்கு, ‘பலர்’ என்று எழுதிய பெட்டிக்குப் போகும். பேரின் முதல் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. இந்த விதியை முன்பு யாரும் சரியாகப் பின்பற்றவில்லை. தம்பிதான் ஒரு நோட்டில் அழகாக எழுதி, சுவரில் மாட்டி, நடைமுறைக்குக் கொண்டுவந்தவன்.

ஒருமுறை மந்திரி மேல் வழக்குப் பாய்ந்த அன்று, ஆசிரியர் குழுவில் யாரோ அவசரத்தில் மருத்துவரின் படத்தை எடுத்து முதல் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அச்சுக்குப் போகக் கால் மணி இருந்தது. சரிபார்க்க வந்த தம்பி பக்கத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா, இவரு கையை ஒட்டவெச்சவரு. நீங்க தேடுறவரு கையை நீட்டுனவரு,” என்றானாம். மருத்துவர் விஷயம் கேள்விப்பட்டு நன்றிக் கடிதம் எழுதினார். ‘என் பெயர் கொண்ட நண்பருக்கு’ என்று ஆரம்பித்திருந்தார். அக்கா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

ஆனால் அவளுக்கு அது போதவில்லை. அந்த இரும்பு அலமாரியில் தம்பிக்கென்று ஓர் உறை இருக்க வேண்டும். நாலு பேருக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக, அவன் பேரில். தான் வைத்த பேர் அவனுக்கும் உரியதுதான் என்று எங்காவது ஓரிடத்தில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு துணுக்கு இருந்தது. பதினாலு வயதில் பள்ளிகளுக்கிடையே நடந்த கையெழுத்துப் போட்டியில் இரண்டாம் பரிசு; பட்டியலில் அவன் பேர். இருபத்தொன்பது வயதில் இருபத்தைந்தாவது தடவையாக ரத்தம் கொடுத்தது. மூன்று பேர் நிற்கும் படம், வலது ஓரத்தில் இவன், கண்ணை மூடிக்கொண்டு. இரண்டையும் அவள் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். ஒரு மழைக்காலத்தில் சுவர் ஊறி, இரண்டையும் பூச்சி அரிக்க ஆரம்பித்தது. “ஆபீஸ் பெட்டியில ரெண்டும் இருக்குக்கா. இரும்பு அலமாரி. அங்கே ஒண்ணும் ஆகாது,” என்று தம்பி சொன்னான். அரித்த இரண்டையும் தூக்கிப் போட்டாள்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதானேடா. ஏதாவது செஞ்சு செய்தியில வந்து தொலையேன்,” என்பாள்.

“பேங்க்ல கொள்ளையடிக்கட்டுமா?”

“உனக்கு எதிர் வீட்டு நாயைப் பார்த்தாலே கால் நடுங்கும். பேங்க் காவல்காரன்கிட்ட என்ன பண்ணுவே?”

“பாடிக் காட்டுவேன். ஓடிருவான்.”

ஒருநாள் அவள் விடாமல் கேட்டாள். “நீயே அந்த அறையில இருக்கே. ஒரு உறையை எடுத்து உன் பேரை எழுதினா யாரு கேட்கப்போறா?”

அவன் சிரிக்காமல் பதில் சொன்னான். “நான் கேட்பேனேக்கா.”

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். தம்பிக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வாரம் பாடகருக்கு உடம்பு ரொம்ப மோசம்; எழுபத்தைந்து தாண்டியவர். மருத்துவமனை வாசலில் கூட்டம். எல்லாப் பத்திரிகையிலும் அவருக்கு இரங்கல் செய்தி எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். தம்பிக்குத்தான் வேலை. மூன்று உறையையும் பிரித்து, எந்த வருஷம் எந்தப் பரிசு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தான். “மனுஷன் இன்னும் மூச்சு விடுறாருக்கா. நாங்க ‘வாழ்ந்தார்’னு எழுதி வெச்சாச்சு. என்ன பொழப்போ,” என்று சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்.

அடுத்த நாள் காலை ஏழரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பி, முக்காலியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இடது கால் முடிந்துவிட்டது. வலது காலுக்குக் குனிந்தவன் நிமிரவில்லை. முதலில் அக்கா, கயிற்றில் முடிச்சு விழுந்துவிட்டது போல என்று நினைத்தாள். “டேய், நான் அவிழ்க்கிறேன், விடு,” என்று பக்கத்தில் போனாள்.

தெருக்கோடி மருத்துவர் வந்து பார்த்தார். இதயம் என்றார். பத்து நிமிஷம் முன்னாடி என்றார். அவ்வளவுதான்.

எட்டரை மணிக்கு அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். துணுக்கறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது தம்பியின் மேஜைமேல் இருக்கும் தொலைபேசி. எடுக்கிறவன் இங்கே படுத்திருந்தான். பிறகு அழைப்பு தானாகச் செய்திப் பிரிவுக்குப் போனது. யாரோ ஓர் இளம் குரல், “சொல்லுங்க,” என்றது.

இருபத்தெட்டு வருஷமாக அவள் அந்த எண்ணில் ‘அஞ்சு’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு வாய் வரவில்லை. பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கேலிப் பேரோடு திரிந்தான். போகிற அன்றைக்காவது முழுப் பேரோடு, மரியாதையோடு போகட்டும் என்று தோன்றியது. இனிஷியலை விட்டுவிட்டு, வார்டில் குமாஸ்தாவிடம் சொன்ன மாதிரி, பேரை முழுதாகச் சொன்னாள். “இறந்துட்டாருங்க. இப்பதான்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். “அம்மா... நீங்க யாரு பேசுறது?”

“அவரோட அக்கா. வீட்டுலேருந்து பேசுறேன்.”

“ரொம்ப வருத்தம்மா. நாங்க எல்லாரும் அவர் மேல உயிரையே வெச்சிருந்தோம்மா,” என்றது அந்தக் குரல். குரல் உண்மையாகவே உடைந்தது. அக்காவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவனுக்கு அலுவலகத்தில் இவ்வளவு மதிப்பா என்று அந்தத் துக்கத்திலும் நெஞ்சு நிமிர்ந்தது. பாடகருக்கும் ஓர் அக்கா உண்டு என்பது அவளுக்குத் தெரியாது.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே ஓடிவந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, “இன்னைக்கு என்ன நாளோக்கா. அந்தப் பாட்டுக்காரரும் போயிட்டாராம். ரேடியோவுல சொல்றான். ரெண்டு பேரும் ஒரே நாள்ல, பாரேன்,” என்றாள். கடைத்தெருவில் கதவுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ அவர் பாட்டு கேட்டது, பிறகு இன்னொரு கடையிலிருந்து, பிறகு தெரு முழுக்க. தெருவே துக்கம் காத்தது. அக்காவுக்கு அது ஒரு துணை மாதிரிகூட இருந்தது.

பதினொன்றரை மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரியது. வாசலில் நுழையவில்லை, சாய்த்துப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள், கடைசியில் வெளிச்சுவரில் சாத்தினார்கள். பட்டு நாடாவில் தம்பியின் பேர், தங்க எழுத்தில். பேர் மட்டும். கொண்டுவந்தவர்கள் முகத்தைத் தூக்காமல் போய்விட்டார்கள். அக்கா பழக்க தோஷத்தில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆணியில் பூக்கடைச் சீட்டு செருகியிருந்தது. கொண்டுசேர்க்க வேண்டிய முகவரி: பாடகரின் வீடு. அதை அடித்துவிட்டு, வேறு மையில் இவர்கள் தெரு.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்காரர் சீட்டைப் பிடுங்கிக் கசக்கினார். “எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். அவன் பேருதானே இருக்கு. இருக்கட்டும்.”

ஒரு மணிக்கு வண்டி கிளம்பியது. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர்; பின்னால் தம்பியோடு அக்கா. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி, அது பாதி திறந்திருந்தது. ஓட்டுநர் ரேடியோவைத் தணித்து வைத்திருந்தார். பாட்டு நின்றது. ஒரு குரல் சொன்னது: பாடகர் காலமானதாகக் காலையில் வந்த செய்தி தவறானது. குடும்பத்தினர் எனச் சொல்லிக்கொண்ட ஒருவர் நாளிதழ் ஒன்றுக்குத் தொலைபேசியில் தெரிவித்ததால் இந்தக் குழப்பம். இறந்தவர் அதே பெயருடைய வேறொருவர். பாடகர் உடல்நிலை தேறி வருகிறது.

ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். “கேட்டீங்களா சார்! அவரு நல்லா இருக்காராம்! வேற யாரோவாம். அப்பாடா, நல்லவேளை!”

வெளியே கடைக்கதவுகள் திறந்தன. சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ்ஸில் கைதட்டினார்கள். ஒரு பெண் ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தில் நின்றவளிடம் கூவினாள்: “அவரு இல்லையாம்டீ! நல்லவேளை!” ஊர் முழுக்க ஒரே வார்த்தை. அக்கா இரண்டு கையாலும் தம்பியின் காதைப் பொத்தினாள்.

ஓட்டுநருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன் வண்டியில் என்ன இருக்கிறது என்று நினைவு வந்தது. குரலைத் தாழ்த்தினார். “மன்னிச்சுக்குங்க சார். உங்களுக்கு என்ன உறவு?”

“மச்சான்.”

“பேரு என்ன சார்?”

வாய்க்குப் பூட்டில்லாத மனிதர் நடுக் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். பிறகு, “அஞ்சுன்னு கூப்பிடுவோம்,” என்றார்.

மறுநாள் நாளிதழில் மூன்றாம் பக்கத்தின் கீழே, கட்டம் போட்டு, வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஆறு வரி. பாடகரிடமும் அவர் ரசிகர்களிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். இறந்தவர் தங்கள் ஊழியர் என்றோ, இருபத்தெட்டு வருஷம் அந்தக் கட்டடத்தில் இருந்தவர் என்றோ இல்லை. ‘அதே பெயருடைய வேறொருவர்’ என்று மட்டும் இருந்தது. அக்கா அதைப் பதினைந்து தடவை படித்தாள். பதினாறாம் தடவை அவளுக்கு வேறொன்று தோன்றியது. இது அச்சில் வந்த செய்தி. அவர்களாகப் போட்டது. அவனைப் பற்றியது. மூன்றாவது.

பத்தாம் நாள் காலை அவள் துணுக்கறைக்குப் போனாள். அங்கே தம்பியோடு இருபது வருஷம் வேலை பார்த்த பெண் இருந்தாள். கழுத்தில் கயிறு கட்டிக் கத்திரிக்கோலைத் தொங்கவிட்டிருப்பாள். அதனால் அவளுக்குப் பேரே கத்திரி. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தம்பியின் நாற்காலியை இழுத்துப் போட வந்தவள், பாதியில் நிறுத்தி, தன் நாற்காலியைப் போட்டாள்.

“நான்தான்ம்மா பேரை மட்டும் சொன்னேன்,” என்றாள் அக்கா, உட்காரும் முன்பே. “தொழிலைச் சொல்லலே. இனிஷியல்கூடச் சொல்லலே. அவன் தலைபாடா அடிச்சுக்குவானே, வெறும் பேரைச் சொல்லாதீங்கன்னு. எனக்குத் தெரிஞ்சும்...”

“நீங்க எதுக்குக்கா? கேட்டவன் கேட்டிருக்கணும், எந்த அவருன்னு. அவன் இப்ப லீவுல போயிட்டான், முகத்தைக் காட்ட முடியாம.”

அக்கா வந்த விஷயத்தைச் சொன்னாள். கத்திரிக்குச் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்தாள். கட்டம் போட்ட அந்த ஆறு வரி, வெள்ளைத் தாளில் ஒட்டி, முத்திரை குத்தி, தயாராக இருந்தது. “ரெண்டு பேர் வர்ற செய்தியாச்சே. பாடகர் உறையில ஒண்ணு போட்டாச்சு. இது அவரோடது. எங்கே வைக்கிறதுன்னு தெரியாம வெச்சிருக்கேன்.”

“உறையில வை. மூணு ஆச்சே. ரெண்டு ஏற்கெனவே பெட்டியில இருக்கு, இது மூணாவது.”

கத்திரி கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா?”

“பெட்டியில இல்லைக்கா.”

அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீளமான ஒரு பதிவேட்டை எடுத்துப் பிரித்தாள். ‘பலர்’ பெட்டியில் இருக்கும் துணுக்குகள், மேற்கொண்டு எதுவும் வராமல் இருபது வருஷம் ஆனால், கழிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் பெட்டி கொள்ளாது. கழிப்பதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிழித்து மூட்டையில் போட வேண்டும். யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கழித்ததைத் திரும்பச் சேர்க்கவும் கூடாது. எல்லாம் தம்பி போட்ட விதி.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கம். இரண்டாம் பரிசு வாங்கிய அதே கையெழுத்து. வரிசை எண், பேர், அடைப்புக்குறிக்குள் ‘எழுத்தர்’, துணுக்கு இரண்டு, கழிக்கப்பட்டது. பக்கத்தில் அவன் ஒப்பம். மேலேயும் கீழேயும் இருந்த பேர்களுக்கு எப்படி எழுதியிருந்தானோ அதே மாதிரிதான் தன் பேருக்கும் எழுதியிருந்தான். ஒரு கோடு கோணவில்லை.

“நான் சொன்னேன்க்கா,” என்றாள் கத்திரி. “உங்களுதை மட்டும் விட்டுடுங்க சார்னு கெஞ்சினேன். ‘எனக்கு மட்டும் என்ன தனி விதி, கொம்பா முளைச்சிருக்கு’ன்னாரு. உங்க அக்கா கேட்டா என்ன சொல்வீங்கன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“‘அக்கா கேட்காது. அது பாட்டுக்கு இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கும். அது நினைப்புல இருந்தாப் போதும்’னாரு.”

அக்கா பதிவேட்டின் மேல் விரலை வைத்திருந்தாள். எடுக்கவில்லை. இரண்டு வருஷமாக அவன் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “இன்னும் ஒண்ணுதானேடா,” என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்திருக்கிறான். பேங்க், நாய் என்று பதிலுக்குப் பதில் பேசியிருக்கிறான்.

கத்திரி மூக்கை உறிஞ்சினாள். சட்டென்று மேஜையிலிருந்து ஒரு புது உறையை எடுத்தாள். “விடுங்கக்கா. அது வந்த தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய பேப்பர் கட்டுல தேடி ரெண்டையும் நகல் எடுத்துடறேன். உறை போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது? இந்த அறையில இப்ப நான் மட்டும்தான்.”

தேதி இரண்டும் அக்காவுக்குத் தெரியும். கிழமையும் தெரியும். சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பாடகர், கோல்கீப்பர், மருத்துவர், மந்திரி, அடுத்து அவன். அலமாரி திறந்தே இருந்தது. நாலு பேர் உறையும் கை எட்டும் தூரத்தில் தெரிந்தன. மந்திரியின் உறைக்கு அப்பால் ஒரு விரல்கடை இடம்கூட இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள்.

“நகல் எடுத்துக் குடு. வீட்டுக்கு,” என்றாள். “உறை வேண்டாம்.”

“அக்கா...”

“அவன் கையெழுத்துப் போட்டுக் கழிச்சிருக்கான். ஒரு தடவை அவன் சொன்னபடி செய்யாம நான் என் இஷ்டத்துக்குப் பேசினேன். என்ன ஆச்சுன்னு பார்த்தியில்லே? ஊரே கைதட்டுச்சு.” பதிவேட்டை மூடினாள். “இப்ப ஒரு துணுக்குதான் இருக்கு. ஒண்ணு இருந்தா எங்கே போகணும்?”

கத்திரி ‘பலர்’ பெட்டியை இறக்கி மேஜைமேல் வைத்தாள். அந்த எழுத்துக்கு மட்டும் அதில் ஐந்நூறு, அறுநூறு தாள் இருக்கும். யார் யாரோ. ஓட்டப் பந்தயத்தில் வந்தவர்கள், காணாமல் போனவர்கள், ஒரே ஒரு தடவை எதையோ கண்டெடுத்துக் கொடுத்தவர்கள். துணுக்கின் மேல் ஓரத்தில் பேரை எழுதினாள். அடைப்புக்குறி போட்டாள். பேனா நின்றது.

“என்ன போடட்டும்க்கா?”

“பதிவேட்டுல என்ன போட்டிருக்கானோ அதையே போடு.”

எழுத்தர் என்று எழுதினாள். பெட்டியில் உரிய இடம் பார்த்துச் செருகினாள். மூடிக்குக் கை வைத்தாள்.

“இது எத்தனை வருஷம் இருக்கும்?” என்று கேட்டாள் அக்கா.

“இருபது வருஷம்க்கா.”

அப்போது அவளுக்கு எண்பத்தொன்று ஆகும். இருந்தால். கத்திரியும் அதற்குள் இந்த அறையில் இருக்க மாட்டாள். வேறு யாரோ பதிவேட்டைப் பிரித்து, பேரைப் பார்த்து, இது யார் என்று தெரியாமலே கையெழுத்துப் போடுவார்கள். சரியாகத்தான் போடுவார்கள், அவன் எழுதிய விதி சுவரில் இருக்கிறது.

கத்திரி மூடியை மூடினாள்.

“திற,” என்றாள் அக்கா.

திறந்தாள். செருகிய வேகத்தில் தாளின் மூலை மடங்கியிருந்தது. அக்கா அதை வெளியே இழுத்து, மேஜைமேல் வைத்து, கட்டைவிரல் நகத்தால் இரண்டு தடவை அழுத்தி நேராக்கினாள். தானே திரும்ப வைத்தாள். இரண்டு பக்கமும் யாருடைய தாளும் இடிக்காமல் பார்த்து வைத்தாள்.

“இப்ப மூடும்மா.”